டிரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

சிங்கப்பூரின் தெங்காவில் நான்கறை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் வாசகி ஒருவர் மூன்று பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். வீட்டில் கணவர், மாமியார், ஆறு வயது மகன். பால் காய்ச்சியாகிவிட்டது. ஆனால் சன்னல்களுக்கு இன்னும் திரைச்சீலை இல்லை. தொலைக்காட்சி அட்டைப்பெட்டியோடு தரையில் இருக்கிறது. சாமி படங்கள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் காத்திருக்கின்றன. வேலைக்கு ஆள் கூப்பிட்டுக் கேட்டால், துளைக்கு இவ்வளவு என்று விலை சொன்னாராம். அந்தக் காசுக்கு ஒரு கம்பியில்லா டிரில் வாங்கி நாமே கற்றுக்கொள்ளலாமே என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது.

கொழுந்தனாரிடம் ஒரு 12 வோல்ட் டிரில்லை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் படுக்கையறைச் சன்னலுக்கு மேலே முயன்று பார்த்தார். பத்து நிமிடம் அழுத்தியும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை. கருகிய வாடை வந்தது, பிட்டின் (டிரில்லில் மாட்டும் துளையிடும் கம்பியின்) நுனி நீலமாகிவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, கைக்குழந்தை தூங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். "அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது" என்கிறார் வாசகி.

இப்போது அவர் முன் மூன்று தெரிவுகள். இணையத்தில் 49 வெள்ளிக்கு, '88 வோல்ட்' என்று எழுதி, இரண்டு பேட்டரியும் நூறு உதிரிப் பொருளும் சேர்த்துத் தரும் ஒன்று. ஜாலான் புசாரில் ஒரு கடையில் 289 வெள்ளிக்கு 18 வோல்ட் ஹாமர் டிரில். அதே கடைக்காரர், "பெண்கள் கைக்குச் சின்னதே போதும்மா" என்று எடுத்துக் காட்டிய 12 வோல்ட் டிரில். கையில் இருப்பது 250 வெள்ளி. கணவரோ, "மூன்று சன்னலுக்கு முந்நூறு வெள்ளியா?" என்கிறார். எத்தனை வோல்ட் வாங்குவது, சாமி அலமாரியை பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவெடிப்புக் காப்பறை) சுவரில் மாட்டலாமா, வாங்கிய கருவி பழுதானால் என்ன செய்வது, கூரை விசிறியையும் நானே மாட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அலமாரி, கதவு, திரைச்சீலைக் கம்பி பொருத்துவதுதான் இருபத்து நான்கு வருடமாக என் தொழில். உங்கள் கடிதத்தில் 'வோல்ட்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. 'சுவர்' இரண்டே இடத்தில்தான். எந்த டிரில் வேண்டும் என்பதைச் சுவர்தான் முடிவு செய்யும், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் உங்கள் கைப்பலத்துக்குக் குறையில்லை, வோல்ட்டுக்கும் குறையில்லை. நீங்கள் அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தேன். பிட்டின் நுனியும் உடலும் ஒரே உலோகம். அது இரும்புக்கும் மரத்துக்கும் உரிய பிட். கான்கிரீட் பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்று தனியாகப் பதித்திருக்கும், உடலைவிடச் சற்று அகலமாக, அம்பு முனை போலத் தெரியும். சாதாரண எஃகு நுனியைக் கான்கிரீட்டில் வைத்துச் சுற்றினால் உராய்ந்து சூடேறும், நீலமாகும், தன் கடினத்தை இழந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சுற்றுமே தவிர இறங்காது. அதே படத்தில் டிரில்லின் கழுத்து வளையத்தில் எண்களும் பிட் படமும் மட்டும்தான் இருக்கின்றன, சுத்தியல் படம் இல்லை. அதாவது அது சுற்ற மட்டும் தெரிந்த கருவி. அந்தச் சுவரில் அந்தப் பிட்டோடு, பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவராலும் துளை போட்டிருக்க முடியாது.

உங்கள் சுவர் எது?

பழைய கழக வீடுகளில் அறைகளைப் பிரிக்கும் சுவர் பெரும்பாலும் செங்கல். புதிய வீடுகளில் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகள் அதிகம். சில இடங்களில் உள்ளே கூடான பலகைச் சுவரும் உண்டு. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுப் பெட்டி போலக் கேட்டால் அது பலகைச் சுவர். சத்தமே எழாமல் விரல்தான் வலிக்கிறது என்றால் கான்கிரீட் அல்லது செங்கல். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது தூள்தான். சாம்பல் நிறத் தூள் கொட்டினால் கான்கிரீட். மேல்பூச்சு தாண்டியதும் செம்மண் நிறத்தில் வந்தால் செங்கல். வெள்ளை மாவு போல வந்து, பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் பலகைச் சுவர்.

நீங்கள் முயன்ற சன்னல் மேற்பகுதி அநேகமாக முழுக் கான்கிரீட். எல்லா வீட்டிலும் திரைச்சீலைக் கம்பி வருகிற இடம் அதுவே என்பதால், புது வீட்டுக்காரர்களின் முதல் துளையே மிகக் கடினமான துளையாக அமைந்துவிடுகிறது. எத்தனையோ பேர் அங்கே தோற்று, 'எனக்கு இது வராது' என்று டிரில்லை மூட்டை கட்டி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாகவே இருக்கும்.

ஒரே பெயரில் மூன்று கருவிகள்

கடையில் டிரில் என்று கேட்டால் மூன்று வகையைக் காட்டுவார்கள். முதலாவது சுற்ற மட்டும் செய்வது. மரத்தில், பலகையில், மெல்லிய இரும்பில் துளையிடும், ஸ்குரு முடுக்கும். உங்கள் மகனின் புத்தக அலமாரியைப் பூட்ட இதுதான் சரி. கழுத்தில் உள்ள எண்களைச் சிறியதாக வைத்தால், ஸ்குரு இறுகியதும் 'கடகட'வென்று விட்டுவிடும், பலகை பிளக்காது.

இரண்டாவது ஹாமர் டிரில். உள்ளே இரண்டு பல் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளும். நிமிடத்துக்கு இருபதாயிரம் தட்டுக்குமேல் தட்டுகிறது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பொய்யில்லை, ஆனால் ஒவ்வொரு தட்டும் மிகச் சிறியது. செங்கலுக்கு நன்றாகப் போதும். கான்கிரீட்டிலும் நல்ல பிட் இருந்தால் 6 மில்லிமீட்டர் துளை விழும். நேரம் பிடிக்கும், கையும் நோகும்.

மூன்றாவது எஸ்டிஎஸ் பிளஸ் வகை ரோட்டரி ஹாமர். இதில் பிஸ்டன் ஒன்று காற்றை அமுக்கி, அந்த வேகத்தில் பிட்டைப் பின்னாலிருந்து அடிக்கும். எண்ணிக்கையில் தட்டு குறைவு, ஒவ்வொன்றும் நிஜமான அடி. பிட்டின் அடிப்பகுதியில் பள்ளங்கள் இருக்கும், சாவி போடுவது போலச் செருகினால் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பத்து நிமிடம் போராடிய துளை இதில் கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அழுத்தவும் வேண்டாம். பெட்டியில் 'ஜூல்' என்று அடியின் பலத்தைச் சொல்லும் ஓர் அளவு போட்டிருப்பதைக் கவனியுங்கள். கான்கிரீட்டுக்கு வோல்ட்டைவிட அந்த எண்தான் முக்கியம். வீட்டு வேலைக்கு ஒன்றரை, இரண்டு ஜூல் தாராளம்.

வோல்ட் கணக்கு

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் சராசரியாக 3.6 வோல்ட். மூன்று செல் சேர்ந்தால் 10.8, அதைத்தான் 12 என்று விற்கிறார்கள். ஐந்து செல் சேர்ந்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒரு செல் 4.2 வரை போகும், அதனால் அதே ஐந்து செல் பேட்டரியைச் சிலர் 20 என்றும் சிலர் 21 என்றும் எழுதுகிறார்கள். டிவால்ட் நிறுவனமே அமெரிக்காவில் 20 என்று விற்பதை மற்ற நாடுகளில் 18 என்று விற்கிறது. பேட்டரி ஒன்றுதான்.

கைக்குள் அடங்குகிற பேட்டரியில் '88' என்று எழுதியிருந்தால் அது வோல்ட் இல்லை, வெறும் பெயர். 88 வோல்ட் வேண்டுமானால் இருபதுக்கு மேற்பட்ட செல்களை அதற்குள் அடுக்க வேண்டும். அத்தனைக்கு இடம் கிடையாது. அதைவிட எனக்குக் கவலை, அடையாளம் தெரியாத லித்தியம் பேட்டரியை ஆறு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இரவெல்லாம் சார்ஜில் போட்டுவைப்பது. அந்த 49 வெள்ளி டிரில்லை விட்டுவிடுங்கள் என்று நேரடியாகவே சொல்கிறேன். எந்த டிரில் வாங்கினாலும் அதன் சார்ஜர் நம் ஊர் மூன்று ஊசி பிளக்கோடும் பாதுகாப்புக் குறியோடும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள், நிறைந்ததும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. டிரில் வாங்குபவர் உண்மையில் ஒரு பேட்டரிக் குடும்பத்தைத்தான் வாங்குகிறார். நாளைக்கு விளக்கோ தூசி உறிஞ்சியோ வாங்கினால் இதே பேட்டரி பொருந்த வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே 18 வோல்ட் என்றாலும் பொருந்தாமல் போகலாம். பாஷின் பச்சை நிறக் கருவிகளின் பேட்டரி அதன் நீல நிறக் கருவிகளில் சேராது. பில் போடுவதற்கு முன் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் எதை வாங்குவது?

உங்கள் பட்டியலை எண்ணிப் பார்த்தேன். மூன்று சன்னலுக்கும் பதினெட்டு துளை, தொலைக்காட்சிக்கு ஆறு, சாமி அலமாரிக்கு நான்கு. ஆக இருபத்தெட்டு கான்கிரீட் துளைகள், வாழ்க்கையில் ஒரு தடவை. அதற்குப் பிறகு வரப்போவதெல்லாம் கழன்ற கதவுக் கீல், நாற்காலி ஸ்குரு, பெட்டியில் வரும் மேசை அலமாரி. இவற்றுக்குச் சுவர் உடைக்கும் பலம் தேவையில்லை, இலேசான கருவிதான் தேவை.

ஆகவே என் யோசனை: நல்ல நிறுவனத்தின் 12 வோல்ட் டிரில்லை, இரண்டு பேட்டரியோடு வாங்குங்கள். அந்த இருபத்தெட்டு துளைக்கு மட்டும் மின்கம்பியோடு இயங்கும் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹாமரை ஒரு நாள் இரவலோ வாடகையோ வாங்குங்கள். கம்பியில்லாத எஸ்டிஎஸ் விலை அதிகம், எடையும் அதிகம். நான்கறை வீட்டில் எந்தச் சுவரும் ஒரு நீட்டிப்புக் கம்பிக்கு எட்டாமல் போகாது. இரவல் கிடைக்கவில்லையென்றால் கான்கிரீட் துளைகளை மட்டும், துளைக்கு இவ்வளவு என்று விலை சொன்ன அந்த ஆளிடம் மொத்தமாகப் பேசிக் கொடுத்துவிட்டு, மாட்டுகிற வேலையை நீங்கள் செய்யலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

289 வெள்ளி ஹாமர் டிரில் தவறான பொருள் என்று சொல்லவில்லை. 'ஒரே கருவிதான் வேண்டும், இரவல் கேட்டு நிற்க முடியாது' என்றால் அதுதான் பொருத்தம். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரா என்று பார்த்து வாங்குங்கள், நல்ல கான்கிரீட் பிட் நான்கு கூடவே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஆறேழு துளை என்று பிரித்துச் செய்யுங்கள். ஆனால் கையில் இருப்பதைவிட நாற்பது வெள்ளி கூடும், அடுத்த பத்து வருடம் தேவைக்கு மேற்பட்ட எடையைத் தூக்குவீர்கள். கடைக்காரர் சிறியதைக் காட்டியது சரி, சொன்ன காரணம் சரியில்லை. தலைக்கு மேலே கையை உயர்த்தி ஏணியில் நிற்கும்போது ஒரு கிலோவுக்கும் ஒன்றரை கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கைக்கும் தெரியும். நானே தலைக்கு மேல் ஸ்குரு முடுக்க 12 வோல்ட்டைத்தான் எடுக்கிறேன்.

குளியலறைத் துண்டுக் கம்பியை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். சுவரில் பதித்த ஓட்டுக்குப் பின்னால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கிறது. இரண்டு துண்டு காயப்போட அதில் துளை போட வேண்டாம், ஒட்டுகிற வகைக் கம்பியே போதும்.

துளை போடக் கூடாத இடங்கள்

பாம் ஷெல்டரின் உள்பக்கச் சுவரில், கூரையில், தரையில் துளையிடவோ ஆணி அடிக்கவோ கூடாது. அதன் இரும்புக் கதவிலும் கைவைக்கக் கூடாது. அது நம் வசதிக்குக் கிடைத்த ஸ்டோர் ரூம் இல்லை, 1997ஆம் ஆண்டுக் குடிமைத் தற்காப்பு உறைவிடச் சட்டத்துக்கு உட்பட்ட இடம். குண்டு வெடிக்கும் அதிர்வையும் பறந்துவரும் சிதறல்களையும் தாங்கத்தான் அந்தச் சுவரை அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கச் சுவருக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. ஆனால் உங்கள் வரைபடத்தில் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவர் காலியாக இருக்கிறதே, சாமி அலமாரியை அங்கே வையுங்கள் என்பேன். உங்கள் மாமியாரும் அத்தனை கனமான கதவுக்குப் பக்கத்தில் நின்று விளக்கேற்ற வேண்டியதில்லை.

சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடாதீர்கள். மின்கம்பி சுவருக்குள் நேர்கோட்டில்தான் போகும், அதில் ஓடுவது 230 வோல்ட். குழாய் இருக்கும் சுவருக்கும் இதே விதி. சுவருக்குள் இருப்பதைக் காட்டும் சிறிய கருவி ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கினால் வீண்செலவாகாது. துளையிடும்போது பிட் சட்டென்று நின்று உலோகச் சத்தம் வந்தால் உள்ளே முறுக்குக் கம்பி. அதை அறுத்துக்கொண்டு போகப் பார்க்காதீர்கள். துளையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்கு வெளியே உள்ள தாழ்வாரச் சுவர் பொது இடம், அதை விட்டுவிடுங்கள். விசிறியைப் பொறுத்தவரை, மின்கம்பி இணைப்பு வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. அவரையே கொக்கியும் மாட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேல் சுற்றுகிற பொருளில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரரும் நேரமும்

இதில் மட்டும் தவறு உங்கள் பக்கம். வீவக விதிப்படி புதுப்பிப்பு வேலைக்கு நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. சுவர் உடைப்பது, ஓடு வெட்டுவது, நீண்ட நேரம் டிரில் போடுவது போன்ற பெருஞ்சத்த வேலை வார நாளில் மட்டும், காலை 9 முதல் மாலை 5 வரை. தீபாவளி போன்ற பெரிய பண்டிகைகளின் முந்தைய நாளிலும் அது கூடாது. உங்கள் இருபத்தெட்டு துளையும் எஸ்டிஎஸ்ஸில் விழுந்தாலும், சத்தம் மொத்தக் கான்கிரீட் கட்டடத்துக்கும் கேட்கும். ஒரு வார நாள் விடுப்பு எடுத்துச் செய்வதே நல்லது.

அதற்கு முந்தைய நாள் மாலை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "அன்றைக்குத் தெரியாமல் செய்துவிட்டேன். நாளைக்கு ஒரு மணி நேரம் சத்தம் வரும், குழந்தை எப்போது தூங்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். உங்களுக்கும் கூச்சம் போய்விடும்.

வாங்கிய பொருள் பழுதானால்

'சலுகையில் வாங்கினால் திருப்ப முடியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியில்லை. இங்கே 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும், லெமன் சட்டம் என்று சொல்லப்படும் விதிகளின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரக் கேட்கலாம். அது நடக்காதபோது விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். இழுபறியானால் பயனீட்டாளர் சங்கமும், 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கின்றன. கான்கிரீட்டில் தவறான பிட்டைப் போட்டு மோட்டாரைக் கருக்கினால் இந்தச் சட்டம் உதவாது. வெளிநாட்டில் உள்ள இணைய விற்பனையாளரைத் துரத்திப் பிடிப்பதும் கடினம். ஜாலான் புசார் கடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் துளை

6 மில்லிமீட்டர் பிட், 6 மில்லிமீட்டர் வால் பிளக் (ஸ்குருவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை). பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அளந்து, பிட்டில் அந்த இடத்தில் ஒட்டுநாடா சுற்றுங்கள். நாடா சுவரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். பென்சில் குறிக்குக் கீழே ஒரு காகித உறையைத் திறந்தபடி ஒட்டுங்கள், தூள் அதில் விழும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கான்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. மகனைப் பாட்டியோடு கீழே விளையாட்டுத் திடலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கருவியின் பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள், சுவருக்கு நேராக நில்லுங்கள். சுழலும் திசை முன்னோக்கி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பின்னோக்கி விட்டுவிட்டுச் சுவரைக் குறைசொல்வது எல்லோருக்கும் நேர்வது. முதலில் மெதுவாகச் சுற்றிச் சிறு குழி விழ வையுங்கள், பிறகு வேகம் கொடுங்கள். முடிந்ததும் துளைக்குள் இருக்கும் தூளை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். தூள் இருந்தால் பிளக் பாதியில் நிற்கும்.

படுக்கையறைச் சன்னலில் அன்றைக்குப் பாதியில் நின்ற அந்த ஒரு சென்டிமீட்டர் குழி இருக்கிறதல்லவா, அங்கிருந்தே தொடங்குங்கள். குறி ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கிறது.